கிறவல் றோட்டில் ஓடும் கப்புக்கு இரண்டாவது ஸ்பெயார் வேண்டுமா?

தம்பி, நீங்கள் கேட்டது மூன்று கேள்வி. எந்த பிராண்ட் ரயர் நல்லது, இரண்டு ஸ்பெயார் ரயர் கொண்டு திரிய வேண்டுமா, கடைக்காரர் சொல்கிறபடி ரியூப் போடலாமா. ஆனால் அதற்கு முதல் நீங்கள் எழுதிய விவரம்தான் எனக்குப் பெரிதாகப் பட்டது. வன்னியில், மாங்குளத்தில் இருந்து ஒட்டுசுட்டான், முத்தையன்கட்டு, நெடுங்கேணிப் பக்கம் கிழமைக்கு நாலைந்து நாள் ஓட்டம். பழைய டபுள் கப் பிக்கப் வாகனம், 265/65 ஆர் 17 அளவில் ரியூப் இல்லாத ரயர். எட்டு மாதத்தில் நாலு தரம் காற்றுப் போயிருக்கிறது. முன் ரயர் இரண்டிலும் இரு ஓரமும் தேய்ந்து நடுப்பகுதி மட்டும் புதிதுபோல இருக்கிறது. பின் ரயர் ஒன்று சாமானோடு வரும்போது பக்கம் கிழிந்து வெடித்தது. ஆக, நடுக்காட்டில் நிற்காமல் வீடு வந்து சேர என்ன வழி என்பதுதான் உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். நான் லொறிக் கிளீனராகத் தொடங்கி, பிறகு சாரதியாகி, கொஞ்சக் காலம் வாகனத் திருத்தகத்தில் நின்று, இப்போது மாங்குளம் - முல்லைத்தீவு ஏ-34 வீதியோரம் ஒரு சின்ன ரயர் கடை வைத்திருக்கிறேன். படிப்பால் வந்த அறிவு குறைவு. கழற்றிப் பார்த்து வந்த அறிவுதான் கூட.

முதலில் முன் ரயர். நடு நின்று இரண்டு ஓரமும் தேய்ந்தால் அந்த ரயர் காற்றுக் குறைந்து ஓடியிருக்கிறது. இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்றுக் கூட. ஒரு பக்க ஓரம் மட்டும் என்றால் எலைன்மன்ட், அதாவது சக்கரம் நிற்கும் கோணம் பிழை, அல்லது சக்கரத்தைத் தாங்கும் போல் ஜொயின்ற் தேய்ந்திருக்கும். அங்கங்கே குழி குழியாகத் தேய்ந்தால் சொக் போயிருக்கும், அல்லது வீல் பலன்ஸ் இல்லை. நீங்கள் சொன்ன தேய்வு இவற்றில் முதலாவது. ‘நான் கிழமைக்கு ஒருதரம் காற்றுப் பார்க்கிறேனே’ என்று நீங்கள் கேட்பீர்கள். எப்போது பார்க்கிறீர்கள் என்பதில்தான் விசயம். எங்கள் ஆட்கள் மத்தியானம் வெயிலில் நாற்பது கிலோமீற்றர் ஓடி வந்து, எரிபொருள் நிலையத்தில் நிறுத்தி, ‘32 வைத்துவிடு தம்பி’ என்பார்கள். ஓடிச் சூடேறிய ரயரில் காற்றழுத்தம் நாலைந்து பிஎஸ்ஐ கூடித்தான் காட்டும். பொடியன் மானியில் 37 கண்டு ஐந்தைத் திறந்துவிடுவான். அடுத்த நாள் விடிய, ரயர் ஆறிய பிறகு பாருங்கள், 27தான் நிற்கும். வெப்பநிலை 10 பாகை மாறினால் ஏறத்தாழ 2 பிஎஸ்ஐ மாறும் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே காற்றுப் பார்ப்பது விடிகாலையில், வாகனத்தை எடுப்பதற்கு முன். சொந்தமாக ஒரு மானி வாங்குங்கள். கடைக்குக் கடை மானி வேறுபடும். என் கடை மானியே இரண்டு கூட்டிக் காட்டியதை இரண்டு மாதம் கழித்துத்தான் கண்டுபிடித்தேன்.

பின் ரயர் வெடித்ததும் இதே கதையாக இருக்கலாம். ‘இருக்கலாம்’ என்றுதான் சொல்கிறேன், ஏனென்றால் அதை நான் கையில் எடுத்துப் பார்க்கவில்லை. காற்றுக் குறைந்த ரயர் ஒவ்வொரு சுற்றிலும் பக்கத்தால் மடிந்து நிமிரும். கம்பியை முன்னும் பின்னும் வளைத்தால் வளைகிற இடம் சுடும் அல்லவா, அதேபோல அந்த இடம் சுடும். மேலே பாரம், கீழே வேகம், நடுவில் சித்திரை வெயில். முள் குத்திச் சிறுகச் சிறுகக் காற்று இறங்கியதைக் கவனிக்காமல் காப்பெற் போட்ட தார் றோட்டில் எண்பதில் வந்தால் பக்கச்சுவர் உள்ளேயிருந்து வெந்துபோகும். அப்படி வந்த ரயரை றிம்மில் இருந்து கழற்றினால் உள்ளே கரிப்பொடி போலக் கறுப்புத் தூள் ஒரு கைப்பிடி கொட்டும். உட்பக்கத்தில் விரலை ஓட்டினால் சொரசொரப்பான வளையம் ஒன்று சுற்றிவர இருக்கும். அந்தத் தூளைக் கண்டால் வெளியே எவ்வளவு புதிதாக இருந்தாலும் ரயரைத் திருப்பிப் பூட்ட நான் ஒத்துக்கொள்வதில்லை. வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போன நாளும் உண்டு.

சரி, எவ்வளவு காற்று வைப்பது? சாரதிப் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்ரிக்கர் இருக்கும். அதில் உள்ளதுதான் தொடக்கம். வெறும் வாகனத்துக்கு ஒன்று, பாரத்தோடு பின்னுக்கு ஒன்று என்று இரண்டு கணக்குப் போட்டிருக்கும். உங்கள் ஸ்ரிக்கரில் 32 என்று வைத்துக்கொள்வோம். ஏ-9, ஏ-34 போன்ற காப்பெற் றோட்டில் அதுவே சரி. கிறவல் றோட்டில் நீண்ட நேரம் ஓடுவதானால் 26 அளவுக்கு இறக்கலாம். அப்போது ரயர் கல்லின் மேல் கொஞ்சம் வளைந்து கொடுக்கும், கூர்க்கல் வெட்டுவது குறையும், குலுக்கமும் குறையும். ஆனால் வேகம் ஐம்பதைத் தாண்டக்கூடாது. பாரம் இருந்தால் பின் ரயரை இறக்கவே வேண்டாம். அளம்பில், செம்மலைப் பக்கம் கடற்கரை மணலில் இறங்குவதானால் 16, 18 வரை போகலாம். அங்கே இருபதுக்கு மேல் ஓடாதீர்கள், ஸ்ரேறிங்கைச் சடாரென்று ஒடிக்கவும் வேண்டாம், ரயர் றிம்மை விட்டுக் கழன்றுவிடும். மாரியில் வயல் களி வேறு சாதி. களி ரயரின் பள்ளங்களை நிரப்பிவிட்டால் காற்றை இறக்கி என்ன, ஏற்றி என்ன. அங்கே கயிறும் உழவு இயந்திரமும்தான் உதவி. இறக்கியதை திரும்ப ஏற்றாமல் தார் றோட்டில் ஏறுவதுதான் பெரிய பிழை. ‘மாங்குளம் போய் அடிப்போம்’ என்று இருபது கிலோமீற்றர் ஓடினால் நான் மேலே சொன்ன கறுப்புத்தூள்தான். ஆகவே பற்றறியில் நேரே கவ்வும், காற்று அடிக்கும் 12 வோல்ற் பம் ஒன்று வாங்குங்கள். சிகரற் லைற்றர் துளையில் செருகுகிற மலிவுப் பம் உங்கள் அளவு ரயருக்குக் காணாது, பியூஸ்தான் எரியும்.

இனி அந்த நாலு பஞ்சர். வன்னியில் ரயரைக் குத்துவது என்ன என்று கேட்டால், ஆணி பாதி என்பேன். வீடு திருத்தும் இடங்களில் கூரைச் சட்டம் கழற்றிய துருப்பிடித்த ஆணி றோட்டுக்கு வரும். மற்றது முள். விடத்தல் முள்ளும் உடை முள்ளும் காய்ந்தால் ஆணிக்குக் குறைவில்லை. வேலிக்கு வெட்டி இழுத்துக்கொண்டு போன பாதையில் கிளை கிளையாகக் கிடக்கும். ஆனால் எல்லாவற்றிலும் மோசமானது அடிக்கட்டை. பாதை ஓரத்துப் பற்றையைக் கத்தியால் சாய்த்து வெட்டியிருப்பார்கள். ஒரு சாண் உயரத்தில், ஈட்டிபோல, புல்லுக்குள் மறைந்து நிற்கும். எதிரே வரும் டிப்பருக்கு வழிவிட ஓரம் ஒதுங்கும்போது அது ரயரின் பக்கத்தில் ஏறும். முள் குத்தினால் ஒட்டலாம், கட்டை ஏறினால் ரயர் முடிந்தது. அதனால் வழிவிட வேண்டியிருந்தால் நான் நின்று அவரைப் போகவிடுவேன். அவசரம் அவருக்குத்தானே.

ஒட்டுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் இரண்டாவது ஸ்பெயாரின் பதில் இதற்குள்தான் இருக்கிறது. ரியூப் இல்லாத ரயரில் ஆணி ஏறிக் காற்று மெதுவாகத்தான் இறங்குகிறது என்றால் ஆணியைப் பிடுங்காதீர்கள். ஆணிதான் அடைப்பு. காற்றை அடித்து, மெதுவாகக் கடைக்கு வாருங்கள். காற்று நிற்கவே இல்லை என்றால்தான் பிசின் ஊறிய திரி. சவர்க்காரத் தண்ணீர் ஊற்றித் துளையைக் கண்டுபிடித்து, ஆணி எந்தச் சாய்வில் ஏறியதோ அதே சாய்வில் அரத்தை விட்டுத் துளையைச் சுத்தம் செய்து, திரியை ஊசியில் கோத்து முக்கால்வாசி உள்ளே தள்ளி, ஊசியை மட்டும் சட்டென்று இழுக்க வேண்டும். வெளியே நிற்பதை அரை விரல் விட்டு வெட்டலாம். இது வீடு வந்து சேர்வதற்கான ஒட்டு. இதையே வருசக்கணக்காக ஓடுபவர்கள் உண்டு, ஓடியும் விடுகிறது. ஆனால் சரியான ஒட்டு என்பது ரயரைக் கழற்றி, உள்ளே பழுது இருக்கிறதா என்று பார்த்து, துளையை ரப்பரால் அடைத்து உட்பக்கம் பச் வைப்பது. ஆணி போன துளை வழியே தண்ணீரும் போகும், உள்ளே இருக்கும் உருக்குக் கம்பி துருப்பிடிக்கும். வெளியே திரி மட்டும் போட்ட ரயரில் அதைக் காணவே முடியாது.

இந்தத் திரியும் பச்சும் தரையில் படும் பகுதிக்கு மட்டும். துளை 6 மில்லிமீற்றருக்கு மேல் என்றாலோ, ஓரத்திலோ பக்கத்திலோ இருந்தாலோ ஒட்டக்கூடாது. ‘நான் ஒட்டித் தருகிறேன்’ என்று சொல்லும் கடையை நம்பி அந்த ரயரை முன்னுக்குப் பூட்டாதீர்கள். பச் ஒட்டுகிற இடத்திலும் ஒரு கண் வையுங்கள். சொலுசன் பூசினதும் பச் துண்டை வைத்து அமத்துவது இங்கே வழக்கமாகிவிட்டது. சொலுசன் காய வேண்டும். விரலின் பின்பக்கத்தால் தொட்டால் இழுக்கக் கூடாது. காயட்டும் என்று வாயால் ஊதினால் எச்சில் ஈரம் படிந்து பிறகு மூலை தூக்கும். பிறகு உருளையால் நடுவில் இருந்து வெளியே அமத்திக்கொண்டு போக வேண்டும். பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிடம் நிற்கப் பொறுமை இல்லாதவரின் வாகனம்தான் மூன்றாம் நாள் திரும்பி வருகிறது.

ரியூப் போடச் சொன்னதைப் பற்றி. அந்தக் கடைக்காரரை நான் குறை சொல்லவில்லை, நாங்களெல்லாம் ரியூப்பில் வளர்ந்தவர்கள். ஆனால் ரியூப் இல்லாமல் ஓடச் செய்த ரயருக்குள் ரியூப்பைப் போட்டால் இரண்டும் ஒன்றோடொன்று உரசும். உரசினால் சூடு. பிறகு முள் குத்தினால் ரியூப் ஒரே மூச்சில் காற்றை விட்டுவிடும். இப்போது உங்களுக்கு அரை மணித்தியாலம் தருகிற ரயர் அப்போது அரை நிமிடம்தான் தரும். றிம் நெளிந்து விளிம்பால் காற்றுப் போகிறது, கடை தூரம் என்றால், ரியூப் போட்டு மெல்ல ஊர் வந்து சேரலாம். யுத்தத்தால் பாதை மூடியிருந்த வருசங்களில் வெட்டுப்பட்ட ரயருக்குள் பழைய ரயர்த்துண்டைச் செதுக்கி வைத்து, அதன்மேல் ரியூப் போட்டு ஓடினோம். வேறு வழி இல்லாமல் செய்த வேலை அது. புது ரயர் வாங்க முடிகிற காலத்தில் அதை யாருக்கும் சொல்லிக்கொடுக்க எனக்கு மனமில்லை.

இப்போது ஸ்பெயார். நல்ல ஒரு ஸ்பெயார், திரிப் பெட்டி, பம், மானி, இவை இருந்தால் நீங்கள் ஓடுகிற பாதைக்கு இரண்டாவது ஸ்பெயார் தேவையில்லை என்பது என் முடிவு. ஏ-34 எங்கிருந்தும் ஒரு மணித்தியாலத்துக்குள் இருக்கிறது, கைத்தொலைபேசி வேலை செய்கிறது. றிம்மோடு முப்பது கிலோவுக்குக் குறையாத பாரத்தைப் பெட்டியில் தூக்கித் திரிந்து என்ன செய்ய? காட்டுக்குள் இரண்டு மூன்று நாள் நிற்கிற வேலை வந்தால், அல்லது ரயர்கள் பாதிக்கு மேல் தேய்ந்த நிலையில் மாரி தொடங்கினால், அப்போது இரவலாக ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டு போங்கள்.

ஆனால் அந்த ஒரு ஸ்பெயார் உண்மையிலேயே ஸ்பெயாராக இருக்க வேண்டும். கப்புக்குக் கீழே சங்கிலியில் தொங்குகிறதே, அதைக் கடைசியாக எப்போது இறக்கினீர்கள்? கிறவல் தூளும் களியும் போய் அந்த இறக்கும் பொறி இறுகிப்போவது நான் அடிக்கடி காண்கிறது. ஒருமுறை நெடுங்கேணிப் பக்கம் மழையில் நின்று நானே அனுபவித்தேன். சங்கிலி அசையவில்லை. வாகனத்துக்குக் கீழே சேற்றில் படுத்து, வாளால் சங்கிலியை அறுத்து இறக்கினால் ஸ்பெயாரில் இருந்தது 9 பிஎஸ்ஐ. அன்றிலிருந்து இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இறக்கி, கிறீஸ் பூசி, மற்றதைவிட நாலைந்து கூட்டி அடித்து வைப்பேன். தேவைப்படும்போது கூடின காற்றை இறக்கிவிடலாம்.

அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். புது ரயரில் பள்ளத்தின் ஆழம் 10 மில்லிமீற்றர், பூட்டியிருக்கும் பழையதில் 3 என்றால் விட்டத்தில் 14 மில்லிமீற்றர் வித்தியாசம். காப்பெற் றோட்டில் அப்படியே ஃபோர் வீல், அதாவது நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் கியர், போட்டு ஓடினால் முன் டிஃபரன்சலும் பின் டிஃபரன்சலும் ஒன்றையொன்று முறுக்கும். ரயர் எல்லாம் சரியாக இருந்தாலும் காய்ந்த றோட்டில் ஃபோர் வீல் வேண்டாம். சேற்றுக்காகப் போட்டுவிட்டு ஏ-34 ஏறிய பிறகும் எடுக்க மறப்பவர்கள் நிறைய. ரயர் தேய்வதற்கு அதுவும் ஒரு காரணம், உங்களிடம் கேட்க வேண்டியதும் அதுதான். எனவே ஐந்து ரயரையும் சேர்த்து, உங்கள் பாதைக்கு ஆறாயிரம் கிலோமீற்றருக்கு ஒருமுறை இடம் மாற்றுங்கள். ஐந்தும் ஒரே சீராகத் தேயும், ஸ்பெயார் கிடந்து வெடிப்பு விழுவதும் நிற்கும்.

மாற்றுகிற இடம் பற்றியும் இரண்டு வார்த்தை. கிறவல் ஓரத்தில் ஜக் புதையும். ஒரு அடிச் சதுரத்தில், இரண்டு அங்குலத் தடிப்பில் பாலைப் பலகை ஒன்று வாகனத்தில் இருக்கட்டும். நட்டுகளை ரயர் நிலத்தில் இருக்கும்போதே அரைச் சுற்று இளக்கிவிட்டு ஜக்கை ஏற்றுங்கள். பூட்டும்போது எதிரெதிராக இறுக்கி, ஐம்பது கிலோமீற்றர் ஓடியதும் இன்னொருமுறை பாருங்கள். நிழல் தேடிப் பற்றைக்குள் வாகனத்தை விடாதீர்கள். சிவப்புப் பலகையோ சிவப்பு அடித்த கட்டையோ கண்ட இடத்தில் றோட்டை விட்டு ஓர் அடியும் வைக்க வேண்டாம், கண்ணிவெடி இன்னும் முழுதாக எடுத்து முடியவில்லை. பொழுது பட்ட பிறகு நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் காட்டோரம் யானை றோட்டைக் கடக்கும். அந்த நேரத்தில் தரையில் படுத்து ஜக் போடுவதைவிட, காற்றை அடித்து அடித்தாவது அடுத்த வீட்டு வெளிச்சம் வரை ஓட்டுவேன். ஒரு ரயர் போனால் போகட்டும்.

இதை வாசிக்கிற லொறிக்காரர்களுக்கும் ஒன்று: லொக் றிங், அதாவது ரயரைப் பிடித்து வைக்கும் இரும்பு வளையம், வைத்த றிம் என்றால் வால்வு ஊசியைக் கழற்றிக் காற்று முழுவதையும் விட்ட பிறகுதான் வளையத்தில் கை வைக்க வேண்டும். காற்று அடிக்கும்போது சங்கிலியால் சுற்றிக் கட்டி, எதிரே நிற்காமல் பக்கத்தில் நில்லுங்கள். அந்த வளையம் பறந்தால் ஆளைக் கொல்லும்.

பிராண்ட் பற்றி நீங்கள் கேட்டதைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம், அதில் எனக்கு உறுதி குறைவு. ஒரே பிராண்ட் ஒருவருக்கு மூன்று வருசம் போகிறது, இன்னொருவருக்கு ஒன்றரை. ஓட்டுகிற கை வேறு, காற்று வேறு. பெரிய கட்டை வைத்த சேற்று ரயர் மாரியில் இழுக்கும், காப்பெற்றில் இரையும், விரைவில் தேயும். கிறவலும் தாரும் பாதிப் பாதி ஓடுகிற உங்களுக்கு எல்லாப் பாதைக்கும் பொதுவான நடுத்தர ஓல் ரெறெயின் ரயர் போதும். ரயருக்குள் ஊற்றும் பச்சைத் திரவம் சின்ன முள்ளுக்கு உதவுவதைப் பார்த்திருக்கிறேன், பிறகு பச் ஒட்டும்போது அதைத் துடைத்து எடுப்பது எனக்குத் தலையிடி. நைதரசனுக்குக் காசு கொடுக்காதீர்கள், சாதாரணக் காற்றிலேயே நூற்றுக்கு 78 பங்கு அதுதான். பாவித்த ஜப்பான் ரயர் மலிவு என்று வாங்குவதானால் பக்கத்தில் நீள்வட்டத்துக்குள் உள்ள நாலு இலக்கத்தைப் பாருங்கள். 2318 என்றால் 2018ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் எட்டு வருசம் தாண்டியதை இந்த வெயிலுக்கு நான் பூட்டமாட்டேன். டாக் போட்ட ரயர், அதாவது தேய்ந்ததுக்கு மேல் புது ரப்பர் ஒட்டியது, பின்னுக்கு, பாரம் குறைந்த வாகனத்துக்குச் சரி. முன்னுக்கு வேண்டாம்.

வெடித்த அந்தப் பின் ரயரை எறிந்துவிட்டீர்களா? எறியாவிட்டால் உள்ளே கையை விட்டுப் பாருங்கள். கறுப்புத்தூளும் சொரசொரப்பு வளையமும் இருந்தால் காற்றுத்தான் காரணம், மானியும் பம்மும் வாங்குங்கள். தூள் இல்லாமல் ஒரே ஒரு நேரான வெட்டு மட்டும் இருந்தால் கட்டை ஏறியிருக்கிறது. எதுவென்று எழுதுங்கள், முன் ரயர் இரண்டிலும் பள்ளத்தின் ஆழத்தை நடுவிலும் இரு ஓரத்திலும் அளந்து அந்த ஆறு இலக்கத்தையும் சேர்த்து.